ஆற்றைத் தாண்டிய மூங்கில் குழாய்

கேட்க வேண்டியதைத் தப்பாகக் கேட்டுவிடுவோமோ என்று சிலுப்பிக்கு ஒரே பயம்.

சிலுப்பி ஒரு முள்ளம்பன்றி. இரண்டு குட்டிகளுக்குத் தாய். ஆந்தை வாத்தியாரிடம் பாதியிலேயே படிப்பை விட்டுவிட்டது. அதனால் சபையில் வாய் திறக்க வேண்டும் என்றாலே அதன் முதுகு முள்ளெல்லாம் சலசலவென்று ஆடும்.

அன்று கிழக்குக் காட்டின் சபை நாவல் மரத்தடியில் கூடியிருந்தது. பேச்சு முழுவதும் சூட்டைப் பற்றித்தான்.

அந்தக் காட்டின் நடுவில் ஒரு பாறைப் பிளவு இருந்தது. பூமிக்கு அடியிலிருந்து வெதுவெதுப்பான காற்று அதன் வழியாக வரும். விலங்குகள் மூங்கில் குழாய் போட்டு, அந்தக் காற்றைத் தங்கள் வளைகளுக்குக் கொண்டுபோயிருந்தன. பனிக்காலத்தில் குட்டிகள் உயிர் பிழைப்பது அதனால்தான். ஆனால் பனி மிகவும் கடுமையாக விழும் நாட்களில் பிளவு இறுகிக்கொள்ளும். காற்று மெலிந்துவிடும். அப்போது எல்லோரும் சேர்த்து வைத்த சருகுக்குள் புகுந்துகொள்வார்கள். போன பனியில் சிலுப்பியிடம் சருகும் போதவில்லை. மூன்று குட்டிகள் இரண்டாகிவிட்டன.

ஆற்றுக்கு அக்கரையில் மேற்குக் காடு. அங்கும் இதே மாதிரி ஒரு பிளவு உண்டு.

இரண்டு கரையிலும் மீன் பிடித்துத் திரியும் நீர்நாய் சபை நடுவில் எழுந்து நின்றது.

"ரெண்டு காட்டையும் ஒரே குழாயால இணைச்சிடுவோம்! இங்கே குறைஞ்சா அங்கேயிருந்து வரும். அங்கே குறைஞ்சா இங்கேயிருந்து போகும். அப்புறம் குறைங்கிற பேச்சே கிடையாது!"

"ஆகா!" என்றது தலைவர் காட்டெருமை. "அக்கரைக்காரர்கள் என்ன சொல்கிறார்கள்?"

"கரடித் தலைவர் சந்தோஷத்துல குதிக்கிறார், ஐயா! உங்ககிட்டே சூடு கொட்டிக் கிடக்குன்னு நான்தான் எடுத்துச் சொன்னேன்."

"அவர்களிடம்?"

"அங்கேயும் கொட்டிக் கிடக்கு!"

சிலுப்பியின் முள் மறுபடி ஆடியது. பக்கத்து வளைக் கீரி அதை முழங்கையால் இடித்தது.

"என்னக்கா, முள்ளு இந்த ஆட்டம் ஆடுது? கேக்கணும்னா எழுந்து கேளேன். யாரு கடிச்சுத் தின்னப் போறா?"

சிலுப்பி மனதுக்குள் ஒரு கேள்வியைத் தயாராக வைத்திருந்தது. 'நமக்குப் பனி விழுகிற அன்றைக்கே அவர்களுக்கும் விழாதா?' என்பதுதான் கேள்வி. நீர்நாயின் யோசனை முன்பே காதில் விழுந்திருந்ததால், வீட்டிலிருந்து வரும் வழியெல்லாம் அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தது. எழுந்து நின்றதும் எல்லாக் கண்களும் திரும்பின. வார்த்தைகள் இடம் மாறிவிட்டன.

"அவங்களுக்குப் பனி விழுகிற அன்னைக்கு... நமக்கு... சூடா இருக்குமா?"

சபை கொல்லென்று சிரித்தது. நீர்நாய் மட்டும் சிரிக்கவில்லை. அது குனிந்து வணங்கியது.

"அக்கா சரியாத்தான் கேட்டாங்க! இருக்கும்! நிச்சயமா சூடா இருக்கும்! இதுக்கு மேல என்ன வேணும்?"

எல்லோரும் கை தட்டினார்கள். 'நான் அதைக் கேட்கவில்லையே!' என்று சொல்ல வாயெடுத்த சிலுப்பி, கைதட்டலைப் பார்த்து உட்கார்ந்துவிட்டது.

வேலை மும்முரமாக நடந்தது. அணில்கள் மூங்கிலை அறுத்தன. மந்திகள் அதை ஆற்றின் குறுக்கே மரத்துக்கு மரம் கட்டி, இரு கரை வளைக் குழாய்களோடும் சேர்த்தன. இணைப்புகளில் இடைவெளி தெரிந்தது. அதை அடைக்கச் சருகு வேண்டும் என்று நீர்நாய் சொன்னது.

"அவரவர் வளையில் இருக்கும் சருகைக் கொண்டுவாருங்கள்!" என்று காட்டெருமை முழங்கியது. "இனிமேல் சருகு எதற்கு? அது பழைய காலத்து வழக்கம்! இன்னொன்றும் கேளுங்கள். இந்தக் குழாயை யார் அடைத்தாலும் அவர் இரண்டு காட்டுக்கும் எதிரி!"

சிலுப்பிக்குச் சருகைக் கொடுக்க மனமில்லை. கொடுக்காமலிருக்கத் துணிச்சலும் இல்லை. குட்டிகளின் சருகுப் படுக்கையை வாரிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தது.

திறப்பு விழா ஜோராக நடந்தது. மயில் ஆடியது. கரடி அக்கரையிலிருந்து குழாய் வழியாகவே வாழ்த்துச் சொன்னது. நீர்நாய்க்கு இரண்டு கரையிலும் மாலை விழுந்தது.

பிறகு ஒரு நாள் மாலையில் கடும்பனி இறங்கியது. கிழக்குக் காட்டின் பிளவு இறுகியது. வளைகளில் காற்று மெலிந்தது. எல்லோரும் ஆற்றங்கரைக்கு ஓடினார்கள். காட்டெருமை குழாய்க் கதவைத் திறந்து மூக்கை நுழைத்தது.

"கரடியாரே! நலமா?"

"நலம்தான்! எல்லாரும் நடுங்கிக்கிட்டிருக்கோம்! சீக்கிரம் அனுப்புங்க!" என்று அக்கரையிலிருந்து குரல் வந்தது.

"எதை?"

"சூட்டைத்தான்! வேற எதை?"

"அதைத்தான் உங்களிடம் கேட்க வந்தேன்!"

"நாங்க முதல்லயே கேட்டாச்சே!"

"எங்களுக்குத்தான் முதலில் நடுங்கியது!"

நடுவில் நீர்நாய் தலையை நீட்டியது. "பொறுங்க, பொறுங்க! ரெண்டு பக்கமும் கதவைத் திறந்தாச்சா?"

"திறந்தாச்சு!" என்றன இரண்டு குரல்களும்.

"அப்படின்னா சூடு வழியிலே வந்துக்கிட்டிருக்கும்!"

எல்லோரும் காத்திருந்தார்கள். இணைப்புகளில் அடைத்த சருகு ஆற்று ஈரத்தில் ஊறி எப்போதோ உதிர்ந்திருந்தது. அந்த ஓட்டைகள் வழியாக ஆற்றுக் காற்று உள்ளே நுழைந்தது. இரண்டு காட்டின் வளைகளுக்கும் அது ஒரே சீராகப் போய்ச் சேர்ந்தது. அந்த விஷயத்தில் குழாய் ஒரு குறையும் வைக்கவில்லை.

சிலுப்பி வளைக்கு ஓடி வந்தபோது குட்டிகள் மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"அம்மா! இந்தக் குழாய் ஜில்லுன்னு ஊதுதும்மா!" என்றது மூத்தது. சின்னது பேசவே இல்லை. அதன் மூக்கு சில்லிட்டிருந்தது.

குழாயை அடைத்தால் எதிரி என்பார்கள். அடைக்காவிட்டால் சின்னதும் போய்விடும். என்ன செய்வது? சிலுப்பி குழாயின் வாய்க்கு நேராக முதுகைத் திருப்பி, முள்ளை விரித்து, அப்படியே அழுந்த உட்கார்ந்தது. 'இது அடைப்பது ஆகாது. உட்கார்ந்திருப்பது!' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டது. இரண்டு குட்டிகளையும் வயிற்றோடு இழுத்து அணைத்துக்கொண்டது. முதுகு விறைத்துப் போனது. ஆனால் கொஞ்ச நேரத்தில் சின்னது முனகியது. அதைக் கேட்ட பிறகுதான் சிலுப்பிக்கு மூச்சு வந்தது.

வாசலில் யாரோ கீச்சிட்டார்கள். கீரி! கையில் ஒரு குட்டி, பின்னால் இரண்டு.

"அக்கா, கொஞ்சம் நகர்ந்துக்கோயேன்!"

"முதுகை நகர்த்த முடியாதுடி. காலைத் தாண்டி இப்படி வா!"

எல்லோரும் ஒரே குவியலாகக் கிடந்தார்கள். பொழுதும் விடிந்தது.

வெயில் வந்ததும் சபை கூடியது. பலர் தும்மிக்கொண்டே வந்தார்கள். சிலர் வரவே இல்லை.

காட்டெருமை தொண்டையைச் செருமியது. "நடந்தது வருத்தம்தான். காரணம் என்ன என்று நீர்நாயார் ஆராய்ந்திருக்கிறார்."

"காரணம் ரொம்பச் சாதாரணம், ஐயா!" என்றது நீர்நாய். "இணைப்பு போதலை! ரெண்டு காடுதானே சேர்ந்திருக்கு? மலைக்கு அந்தப் பக்கம் வடக்குக் காடு இருக்கு. அதையும் இணைச்சிட்டா, மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கலாம்!"

"என்ன மூளை! என்ன மூளை!" என்றது காட்டெருமை.

கைதட்டல் காட்டை அதிர வைத்தது. கீரியும் தட்டியது.

"நீயுமாடி?" என்று சிலுப்பி கிசுகிசுத்தது.

"தட்டாம உட்கார்ந்தா, நேத்து யார் வளையில ஒண்டினேன்னு கேப்பாங்க அக்கா! நீ குழாயை மறைச்சது வெளியே வந்துடும்! நீயும் தட்டு!"

சிலுப்பி யோசித்துப் பார்த்தது. மறுபடி எழுந்து கேட்டால் மறுபடி தப்பாகத்தான் வரும். சரியாகவே வந்தாலும் இவர்களுக்கு அது கேட்கப்போவதில்லை. அதனால் அதுவும் கை தட்டியது. எல்லோரையும்விடக் கொஞ்சம் பலமாகவே தட்டியது.

சபை கலைந்ததும் நேராக ஆற்றங்கரைக்குப் போனது. பிசுபிசுப்பான களிமண்ணை வாய் நிறையக் கவ்விக்கொண்டு வளைக்கு வந்தது. குழாயின் வாயைத் தொடவில்லை. கை எட்டும் மட்டும் உள்ளே விட்டு, ஆற்றுக் குளிர் வராதபடி ஆழத்தில் களிமண்ணைத் திணித்து அடைத்தது. வெளியே பார்த்தால் குழாய் குழாயாகவே இருந்தது. சோதனைக்கு வந்த மந்தி எட்டிப் பார்த்தது.

"நல்லாயிருக்கு. சூடு வருதா?" என்று கேட்டது.

"வந்துக்கிட்டே இருக்குங்க!" என்றது சிலுப்பி. மந்தி போனதும் புதுச் சருகு பொறுக்கக் கிளம்பியது.

பொருள் வரும் வழிகளை எத்தனை பெருக்கினாலும், அனுப்புகிறவரிடம் பொருள் இல்லாவிட்டால் வெறும் வழிதான் வந்து சேரும்.