கன்றுகள் ஜெயித்த போர்

முன்னொரு காலத்தில், பனிமலைச் சாரலில் சிம்லிகோட் என்ற நாட்டை உத்தம்சேன் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. கணவாய்க்கு அந்தப் பக்கம் பர்ப்கோட் நாடு. அதன் ராஜா ரண்தீரும் இவரும் கணவாய் எனக்கா உனக்கா என்று பத்து வருஷமாக முட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்த ஐப்பசியில் ரண்தீர் பெரும் படையோடு கிளம்பிவிட்டான் என்று செய்தி வந்தது. சபை அவசரமாகக் கூடியது.

தளபதி பைரோசிங் எழுந்தார். "மகாராஜா, பக்கப் பாதையில் இறங்கி அவர்கள் கிராமங்களைக் கொளுத்திவிடலாம். ரண்தீர் போட்டது போட்டபடி திரும்பி ஓடுவான்."

அமைச்சர் தேவ்தர் சட்டென்று எழுந்தார். அந்தக் கிராமங்களில் ஒன்றில்தான் அவருடைய ஒரே மகள் கௌரா வாழ்க்கைப்பட்டிருந்தாள். சித்திரையில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மேய்ப்பவர்களைத் தவிர ஒருவரும் கணவாயைத் தாண்டக்கூடாது என்று இரண்டு ராஜாக்களும் தடை போட்டிருந்ததால், பேத்தி முகத்தை அவர் இன்னும் பார்க்கவில்லை.

"தீ வேண்டாம், மகாராஜா" என்றார்.

"எப்படி வேண்டும் என்பார்? சம்பந்தி வீடு கருகிவிடுமே" என்றார் பைரோசிங். ராஜா அமைச்சரையே கலந்து ஆலோசிப்பது அவருக்கு வெகுநாள் வயிற்றெரிச்சல்.

"கருகினால் எனக்கு வலிக்கத்தான் செய்யும், தளபதியாரே. அதில் ஒளிக்க என்ன இருக்கிறது? ஆனால் ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் இந்தப் போரை ஜெயிக்கலாம்."

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "அப்படியா? நாளை மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் ஜெயித்துக் காட்டும். இல்லையென்றால் தளபதி தீப்பந்தத்தோடு இறங்குவார். எத்தனை வீரர்கள் வேண்டும்?"

"வீரர்கள் வேண்டாம். மேய்ச்சலில் நிற்கும் முந்நூறு கன்றுகள் போதும்."

"அடடா, படைக்குக் கறிச்சோறு போட நான் எண்ணி வைத்தவை ஆயிற்றே" என்றார் பைரோசிங். சபை கொல்லென்று சிரித்தது.

அந்த மலையில் ஒரு வழக்கம் உண்டு. குளிர் தொடங்கும்போது இரண்டு நாட்டுச் சடையெருமைக் கன்றுகளையும் வெயில் படும் சிம்லிகோட் புல்வெளிக்கு முன்னால் ஓட்டி வந்துவிடுவார்கள். தாய்கள் பத்து நாள் கழித்து வந்து சேரும். ராஜாக்கள் அடித்துக்கொண்டாலும் இது மட்டும் நின்றதில்லை. கடா எருமைகளோ அந்த மாதம் உப்பு ஏற்றிவர வடக்கே போயிருக்கும். அப்படியானால் ரண்தீரின் மாவு மூட்டையையும் அம்புக் கட்டையும் சுமப்பது யார்? பால் கட்டிய தாய் எருமைகள்தான். அவசரத்தில் ரண்தீர் யோசிக்காத விஷயம் அது.

குறித்த நாள் காலை. கணவாயின் உச்சியில் பர்ப்கோட் படை வந்து இறங்கியது. சரிவில் ராஜா பொறுமையிழந்து நின்றார்.

"அமைச்சரே, எங்கே உமது படை?"

"வந்துகொண்டே இருக்கிறது, மகாராஜா. காலையிலிருந்து பால் பால் என்று ஒரே அடம்."

பர்ப்கோட் கன்றுகள் முந்நூறும் சரிவில் ஏறி வந்தன. மேய்ச்சலுக்கும் விடாமல் அரைநாள் பட்டினி போட்டிருந்தார் தேவ்தர். அது அவருக்கே பொறுக்கவில்லை. ஒவ்வொன்றின் நெற்றியாகத் தடவி, "இன்னும் கொஞ்ச நேரம், கண்ணு" என்று கெஞ்சிக்கொண்டே வந்தார். முதல் கன்று கத்தியது. பிறகு முந்நூறும் கத்தின.

மேலே ஒரு தாய் தலையைத் தூக்கியது. அவ்வளவுதான். பிடித்த வீரர்களை இழுத்துத் தள்ளிக்கொண்டு, மாவும் அம்பும் கூடாரமும் முதுகில் இருக்க, அத்தனை தாய்களும் சரிவில் பாய்ந்து வந்தன. அதது தன் கன்றைத் தேடி நக்கிக்கொண்டு நின்றது. உச்சிப்பொழுதுக்கு இன்னும் நேரம் இருந்தது. ரண்தீரின் படை கணவாயில் வெறுங்கையோடு நின்றது.

"இப்போது பாய்ந்தால் ஒருவன் மிஞ்ச மாட்டான்" என்று பைரோசிங் வாளை உருவினார்.

"அவர்கள் இன்னும் சாப்பிடவில்லை" என்ற தேவ்தர், ராஜாவின் முகம் பார்த்துச் சம்மதம் வாங்கி, பாதி மாவை மேலே அனுப்பிவைத்தார். மாவு அனுப்பும் எதிரியோடு எப்படிச் சண்டை போடுவது என்று ரண்தீருக்குத் தெரியவில்லை. கணவாய் இருவருக்கும் பொது, தடை இன்றோடு போயிற்று என்று மாலையே ஓலை வந்தது.

"தளபதியாரே," என்றார் ராஜா, "கன்றுகளைக் கறியாக்கப் பார்த்தவர் நீர். இவை ஊர் திரும்பும்வரை சாணி அள்ளுவது உமது பொறுப்பு." அமைச்சருக்குத் தன் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். தேவ்தர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

மூன்றாம் நாள் எருமைகளைப் பார்த்துக்கொள்ளப் பர்ப்கோட் பெண்கள் கணவாயில் இறங்கி வந்தார்கள். அவர்களில் ஒருத்தி முதுகில் குழந்தையைக் கட்டியிருந்தாள். தேவ்தர் பார்த்துவிட்டார். ராஜா பக்கத்தில் நிற்கும்போது விட்டுவிட்டு எப்படிப் போவது? முறை தவறாத மனிதர், கைகட்டி அங்கேயே நின்றார். கண் மட்டும் நிறைந்து வழிந்தது.

ராஜா அவரையும் பார்த்தார், சரிவையும் பார்த்தார்.

"ஏன் ஐயா, அந்த எருமைகள் யாரிடமாவது உத்தரவு கேட்டனவா?" என்றார். "ஓடும்."

அறுபது வயது தேவ்தர், சால்வை நழுவியதுகூடத் தெரியாமல் ஓடினார்.