வெள்ளிக்கிழமைச் செய்தி

இருட்டிய பிறகு அந்தச் சத்தம் கேட்டது. யாரோ பானைக்குள் தலையை விட்டுக்கொண்டு கனைப்பது போல. ஒரு முறை கேட்டு நின்றது. கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கேட்டது.

ஜெனிலா ஜன்னலைச் சாத்தினாள். அவள் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஒரு மதில்தான். மதிலுக்கு அந்தப் பக்கம் பிள்ளைகளின் கழிப்பறை. இந்த நேரத்தில் அங்கே யாரும் இருக்க வழியில்லை.

"என்னம்மா அது?" என்றாள் டெல்சி.

"ஒண்ணுமில்ல. தூங்கு."

"ஒண்ணுமில்லைன்னா ஏன் ஜன்னலை அடைச்சே?"

ஜெனிலா மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். கணவர் கப்பலில் இருந்தார். வீட்டில் இவர்கள் இருவர்தான். அன்று விளக்கை அணைக்காமலே படுத்தார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை.

கன்னியர் மடத்தின் அந்தத் தொடக்கப்பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் எல்லோரையும் ஹாலில் உட்கார வைத்து வாரச் செய்தி சொல்வார்கள். இந்த வாரம் என்ன நடந்தது, அடுத்த வாரம் என்ன நடக்கப்போகிறது. தாளில் அச்சடித்துக் கொடுப்பதில்லை. பெற்றோர்களில் பாதிப் பேர் விடியுமுன்னே கடலுக்கோ உப்பளத்துக்கோ போய்விடுகிறவர்கள். தாள் பைக்குள்ளேயே கிடந்து மடங்கிப்போகும். அதனால் பிள்ளைகள் காதால் கேட்டு, வீட்டில் போய் வாயால் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வந்தவர்கள் திங்கட்கிழமை கை தூக்க வேண்டும்.

இதை ஏற்படுத்தியவர் தலைமை ஆசிரியை சிஸ்டர் பெனிட்டா. பிள்ளைகளுக்கு அவர் பெரிய சிஸ்டர். வயதால் வந்த பெயரில்லை, உயரத்தால் வந்தது. "ஒரு வருஷம் எங்கூட இருந்து கத்துக்கோ. அப்புறம் உனக்குன்னு ஒரு வகுப்பு தர்றேன்" என்று ஜெனிலாவைச் சேர்த்துக்கொண்டார். மாலையில் வகுப்பறைகளைச் சாத்திக்கொண்டு போகும்போது ஜெனிலா கூடவே நடப்பாள். ஏதாவது கேட்பாள். சிஸ்டர் சில நாள் பதில் சொல்வார். சில நாள் துடைப்பத்தை எடுத்துக் கையில் கொடுப்பார்.

அந்த வாரம் செய்தி சொல்லும் முறை ஜெனிலாவுக்கு வந்தது. முதல் முறை.

"மூன்றாம் வகுப்பு நட்ட அவரைக் கொடி பூத்திருக்கிறது. ஐந்தாம் வகுப்பு டைட்டஸின் விழுந்த பல் தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் கிடைத்துவிட்டது. வந்து வாங்கிக்கொள்ளலாம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். டைட்டஸ் எழுந்து நின்று கும்பிட்டான்.

"அடுத்த வாரம் செவ்வாய்க்கிழமை கண் பரிசோதனை. வெள்ளிக்கிழமை எல்லோரும் வீட்டிலிருந்து ஒரு விதை கொண்டுவர வேண்டும்."

அதோடு முடித்திருக்கலாம். முன்வரிசையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு டெல்சி உட்கார்ந்திருந்தாள். ஜெனிலாவின் கண் அவள்மேல் போய் நின்றது.

"இன்னொன்று. கழிப்பறைப் பக்கம் ராத்திரியில் ஒரு சத்தம் கேட்கிறது. யாரும் தனியாகப் போக வேண்டாம். கவனமாக இருங்கள்."

ஹாலில் யாரும் அசையவில்லை. பின்னால் நின்றிருந்த பெரிய சிஸ்டர் ஜெனிலாவையே பார்த்தார்.

திங்கட்கிழமை ஒரு கை பாக்கியில்லாமல் எல்லாக் கைகளும் உயர்ந்தன. அப்படி அதுவரை நடந்ததில்லை. ஆனால் அவரைப் பூவைப் பற்றி எந்த வீட்டிலும் யாரும் சொல்லியிருக்கவில்லை.

"டீச்சர், அது பொம்பளைப் பேயா, ஆம்பளைப் பேயா?"

"பேய்னு யாரு சொன்னா?"

"நீங்கதான் டீச்சர்."

"நான் சத்தம்னுதான் சொன்னேன்."

"சத்தம் சும்மா வருமா டீச்சர்?"

"எங்க சித்தி அதுக்குக் காலே இல்லைன்னு சொன்னாங்க" என்றாள் ஒருத்தி.

"கால் இல்லாம அது எப்படி கக்கூஸுக்கு வரும்?" என்றான் டைட்டஸ்.

"ஏலே, பறந்து வரும்லே."

அன்றிலிருந்து பெண்பிள்ளைகள் கூட்டமாகத்தான் போனார்கள். ஒருத்தி உள்ளே இருக்க, மற்றவர்கள் வெளியே நின்று ஜெபமாலை சொன்னார்கள். பையன்கள் மதிலோரம் போதும் என்று முடிவு செய்துவிட்டார்கள்.

டெல்சி போகவே இல்லை.

தண்ணீர் குடித்தால்தானே போக வேண்டும்? குடிக்கவில்லை. காலையில் நிரப்பிக் கொடுத்த பாட்டில் மாலையில் அப்படியே வந்தது. கடைசி மணி அடித்ததும் காலை இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். கண் பரிசோதனைக்கு நாற்காலியில் உட்கார வைத்தபோது நெளிந்துகொண்டே இருந்தாள். அன்று இரவு காய்ச்சல் வந்தது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

டாக்டர் ஜெனிலாவைத்தான் திட்டினார்.

"அடக்கி அடக்கி வச்சதுல வந்திருக்கு. மருந்து தர்றேன். ஆனா இனியும் அடக்கினா மருந்தோட நிக்காது. டீச்சரா வேற இருக்கீங்க."

காய்ச்சல் சீக்கிரமே விட்டது. மருந்து தீருமுன் டெல்சி பள்ளிக்கு வந்தாள். வந்து, மறுபடியும் அடக்கினாள்.

அன்று மாலை ஜெனிலா சிஸ்டரின் பின்னால் நடந்தாள்.

"சொன்ன செய்தியை எப்படித் திரும்ப வாங்குறது, சிஸ்டர்?"

சிஸ்டர் ஒரு ஜன்னலின் கொக்கியை மாட்டினார். "அது என்ன சத்தம்?"

"தெரியாது."

"போய்ப் பார்த்தியா?"

"பயமா இருந்துச்சு."

"தெரியாததைச் செய்தின்னு சொல்லிட்டே. வா, தெரிஞ்சுக்குவோம்."

டெல்சியை ஆயாவிடம் விட்டுவிட்டு இருவரும் கழிப்பறைப் பக்கம் போய் நின்றார்கள். பொழுது இறங்கியது. கொசு கடித்தது. சிஸ்டர் நகரவில்லை. கடைசியில் அந்தக் கனைப்பு கேட்டது. ஜெனிலா சிஸ்டரின் அங்கியைப் பிடித்துக்கொண்டாள். சிஸ்டர் கைகழுவும் தொட்டியின் அடியில் மண்டியிட்டு, தண்ணீர் வெளியேறும் குழாய்க்குள் டார்ச் அடித்தார்.

ஒரு தவளை. எலுமிச்சம்பழம் அளவு இருக்கும். வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"உம் பேரைச் சொல்லி ஊரே நடுங்குது. நீ இங்க பாட்டுப் பயிற்சி பண்ணிட்டிருக்கியா?" என்றார் சிஸ்டர்.

ஜெனிலா ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கடைசி வகுப்புவரை காத்திராமல், காலை ஜெபம் முடிந்ததும் ஜெனிலா எல்லோர் முன்னாலும் சொன்னாள். சத்தம் தவளையுடையது. குழாய்க்குள் இருந்ததால் பெரிதாகக் கேட்டது. பெரிய சிஸ்டர் அதைப் பிடித்துக் கிணற்றடியில் விட்டுவிட்டார். பயப்பட ஒன்றுமில்லை.

பிள்ளைகள் "ஓ" என்று கத்தினார்கள். தவளையைப் போலக் கனைத்துக் காட்டுவதில் டைட்டஸுக்கும் நாலாம் வகுப்புக்கும் போட்டி நடந்தது. இடைவேளைக்குள் ஜெபமாலைக் கூட்டம் கலைந்துவிட்டது. பேய்க்குக் காலில்லை என்று சொன்னவளே தனியாகப் போய்விட்டு வந்தாள்.

டெல்சி மட்டும் வகுப்பு வாசலில் நின்றாள்.

"தவளைதான், டெல்சி."

"தெரியும் டீச்சர்."

"அப்ப போயேன்."

"முன்னாடி உள்ள என்ன இருக்குன்னு தெரியாது. இப்ப தெரியுமே."

"அதான் கிணத்தடியில விட்டாச்சே."

"அதுக்குத் திரும்பி வர வழி தெரியும்ல?"

ஜெனிலா நேராகச் சிஸ்டரின் அறைக்குப் போனாள். சிஸ்டர் பிள்ளைகள் கொண்டுவந்த விதைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"உண்மையைச் சொல்லிட்டேன், சிஸ்டர். எல்லாரும் கேட்டுக்கிட்டாங்க. அவ மட்டும் கேக்கல."

"காலையில நீ சொல்லும்போது மத்த பிள்ளைங்க எங்க நின்னாங்க?"

"வரிசையில."

"அவ?"



"எம் பக்கத்துல. நான்தான் கூப்பிட்டு நிக்க வச்சிருந்தேன்."

சிஸ்டர் ஒரு புளியங்கொட்டையை எடுத்துப் புளியங்கொட்டைகளோடு போட்டார். பிறகு எழுந்தார்.

வகுப்பு வாசலில் டெல்சி இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலை இன்னொரு காலோடு பின்னிக்கொண்டு.

"டெல்சி, எனக்கு ஒரு உதவி செய்வியா?"

"என்ன சிஸ்டர்?"

"பாத்ரூம் போகணும். துணைக்கு ஆள் வேணும்."

"உங்களுக்கா?"

"ஏன், எனக்கெல்லாம் வராதா?"

டெல்சி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிஸ்டர் கையை நீட்டினார். டெல்சி அந்தக் கையைப் பிடித்து, அவரைக் கழிப்பறைவரை கூட்டிக்கொண்டு போனாள். ஜெனிலா சற்றுத் தள்ளிப் பின்னால் போனாள்.

சிஸ்டர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"டெல்சி, இருக்கியா?"

"இருக்கேன் சிஸ்டர்."

"சும்மா நின்னா நீ இருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்? பேசிக்கிட்டே இரு."

"என்ன பேச?"

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைதானே? அடுத்த வாரச் செய்தி சொல்லு."

டெல்சி யோசித்தாள். பிறகு ஜெனிலா நிற்பது போலவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"அடுத்த வாரம் திங்கட்கிழமை, கண் நல்லா தெரியுறவங்களும் கண்ணாடி போட்டுக்கலாம்."

"நல்ல விஷயம். அப்புறம்?"

"செவ்வாய்க்கிழமை ரெண்டு தடவை சாப்பாடு போடுவாங்க."

"முட்டை உண்டா?"

"ரெண்டு தடவையும் உண்டு."

"புதன்கிழமை?"

"புதன்கிழமை டீச்சருங்களுக்கு ஓட்டப்பந்தயம். ஜெனிலா டீச்சர் கடைசியா வருவாங்க."

"ஐயோ பாவம். ஏன்?"

"ஓடும்போது திரும்பித் திரும்பி என்னையே பார்ப்பாங்க."

ஜெனிலா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

சிஸ்டர் வெளியே வந்து கை கழுவினார்.

"நீ நின்னதால நிம்மதியாப் போச்சு."

"உங்களுக்கு நெஜமாவே பயமா, சிஸ்டர்?"

"எனக்குப் பல்லியைக் கண்டா ஆகாது. மேல ஒண்ணு இருந்துச்சு. நீ பேசிக்கிட்டே இருந்தியா, அதையே மறந்துட்டேன்."

டெல்சி அந்தக் கதவைப் பார்த்தாள். சுவரின் மேல்பக்கம் பார்த்தாள். தன் கால்களைப் பார்த்தாள். அதற்கு மேல் தாங்காது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

"இப்ப நான் போறேன். டீச்சர் துணைக்கு நிக்கட்டும். செய்தி சொல்லட்டும்."

அவள் உள்ளே போனாள். ஜெனிலா கதவைச் சாத்துவது போலச் சாத்தி, இடுக்கு விட்டுப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லுங்க டீச்சர்."

"அடுத்த வாரம் திங்கட்கிழமை எல்லாரும் விதை நடப்போறோம். மண்ணுல கை வைக்கும்போது பூச்சி கீச்சி இருக்கும், பார்த்து..."

"டீச்சர், செய்தி மட்டும் சொல்லுங்க."

சிஸ்டர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"திங்கட்கிழமை விதை நடப்போறோம்" என்றாள் ஜெனிலா. "புதன்கிழமை ஒண்ணாம் வகுப்பு கலங்கரை விளக்கம் பார்க்கப் போவுது. படி ரொம்பச் செங்குத்தா..." நிறுத்தினாள். "கலங்கரை விளக்கம் பார்க்கப் போவுது."

"மேல ஏறலாமா?"

ஜெனிலா கதவை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"ஏறலாம்."

உள்ளே உடை சரசரத்தது. பிறகு அதுவும் நின்றது.

"ம்மா."

பள்ளிக்கூட வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் டெல்சி அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவாள். அப்படித்தான் பேசி வைத்திருந்தார்கள்.

"என்னடா கண்ணு?"

"நீ பார்க்குறே."

"பார்க்கலடா. நான் அந்தப் பக்கம் திரும்பித்தான் நிக்கிறேன்."

"உன் விரல் தெரியுது."

ஜெனிலா தன் கையைப் பார்த்தாள். விரல்கள் கதவிடுக்கில் உள்பக்கமாக வளைந்து பிடித்திருந்தன. பிடித்த பிடியில் நகங்கள் வெளுத்திருந்தன. அவள் சிஸ்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"எடுத்தா கதவு சாத்திக்கும், சிஸ்டர்."

"கதவு வேற எதுக்கு, ஜெனிலா?"

ஜெனிலா ஒவ்வொரு விரலாக எடுத்தாள். கதவு தானாக வந்து நிலையில் ஒட்டிக்கொண்டது.

உள்ளே தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது. பாதியில் சிக்கியது. மறுபடி நகர்ந்தது, மறுபடி சிக்கியது. கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டும். அது ஜெனிலாவுக்குத் தெரியும். வார்த்தை நாக்குவரை வந்துவிட்டது.

அவள் சொல்லவில்லை.

உள்ளே ஒரு பெருமூச்சு. பிறகு தாழ்ப்பாள் விழுந்தது.