செல்லாண்டி மாத்துன மூணு மெத்தை

உக்காருங்கப்பா, உக்காருங்க. யாத்தா, அந்த முறுக்குப் பொட்டலத்தக் கீழ வையி. கறக்கு மொறக்குன்னு கடிச்சா நான் சொல்றது எனக்கே கேக்காது. ஏய், செவத்துல சாஞ்சிருக்க ஆளு! ஒன் மாமியா சண்டைய நாளைக்குப் பேசிக்கலாம். எல்லாரும் வாய மூடுனாத்தான் நான் வாயத் தொறப்பேன். ஆங். இப்பச் சரி.

போடிக்கு மேக்க, மலை அடிவாரத்துல ஒரு தகரக் கொட்டகை. அதுல வீரணன் சாமின்னு ஒருத்தர் இருந்தாரு. சாமின்னதும் சடை, தாடின்னு நெனச்சுக்கிறாதீக. வயசு முப்பத்தஞ்சுதான். மொழுமொழுன்னு செரச்ச மூஞ்சி. யாரு என்ன கேட்டாலும் ஒரு வரிதான் சொல்வாரு. ரெண்டாவது வரி வந்துச்சுன்னா அன்னைக்கு ஊருல மழை.

அவருக்கு ஒரு சிஷ்யன். பேரு செல்லாண்டி. சாமிய விட இருவது வயசு மூத்த சிஷ்யன். குருவே சிஷ்யன "அண்ணே"ன்னு கூப்புடுற எடம் நானறிய அது ஒன்னுதான்.

செல்லாண்டி குட்டியானை வண்டி ஓட்டுறவரு. போடிமெட்டு வளைவுல ஏலக்கா மூட்டைய ஏத்தி எறக்கி ஏத்தி எறக்கி, இடுப்பு கழண்டு போன மனுசன்.

முன்னெல்லாம் கொட்டகைக்கு வந்தா, "சாமி, ஆன்மான்னா என்னா? சாமி, செத்தா எங்குட்டுப் போவோம்?"ன்னு கேப்பாரு. இடுப்பு புடிச்சதுல இருந்து ஆன்மாவும் போச்சு, முக்தியும் போச்சு. வாயத் தொறந்தா மெத்தை. வெறும் மெத்தை.

அவரு மேல குத்தமும் சொல்ல முடியாது. வெள்ளிக்கெழமைக்குள்ள இடுப்பு நிமிரலன்னா வண்டிய வித்துப்புடுறதுன்னு மருமகன் வாங்குறதுக்கு ஆளையே புடிச்சு வச்சுட்டான். அந்த மருமகன் எப்பிடிப் பேசுவான் தெரியுமா? மூக்கால. "மாமா, ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் மாமா." அவன் "நல்லதுக்கு"ன்னு ஆரம்பிச்சாலே செல்லாண்டி வண்டிச் சாவிய எடுத்து மடியில சொருகிக்குவாரு. வண்டி போச்சுன்னா மனுசன் என்ன செய்வாரு? டிவி முன்னாடி பேரன் டவுசர மடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கணும். அத நெனச்சா இடுப்ப விட நெஞ்சுதான் வலிச்சுச்சு.

அதனால புதன்கெழமை காலையில கொட்டகைக்கு வந்துட்டாரு. நடந்தா வந்தாரு? காத்துல ஒடிஞ்ச கொடை மாதிரி வந்தாரு. பின்னாடியே பொண்டாட்டி ஒச்சம்மா. ஆண்டிபட்டியில அக்கா வீட்டுக்குப் போயிட்டு அப்பத்தான் பஸ்ஸ விட்டு எறங்குன பொம்பள. பைய வீட்டுல வைக்கக்கூட விடாம இழுத்துக்கிட்டு வந்துட்டாரு.

ஒச்சம்மா பேசி யாரும் கேட்டதில்ல. சாமியாச்சும் ஒரு வார்த்தை சொல்வாரு. இந்தம்மா அதுவும் இல்ல. மூலையில உக்காந்து, மஞ்சப் பையில இருந்து அக்கா குடுத்த மொச்சைய எடுத்து உரிக்க ஆரம்பிச்சுருச்சு.

"சாமி."

"ம்."

"எந்த மெத்தைதான் சாமி வாங்குறது?"

சாமி கண்ண மூடிக்கிட்டாரு. இந்தக் கேள்விய அந்த வருசம் பூரா கேட்டுக் கேட்டு, காதுக்குள்ள பஞ்சே மொளைச்சுப் போயிருந்துச்சு அவருக்கு.

"மூணு வாங்கிட்டேன் சாமி. மூணும் ஏமாத்து."

"சொல்லுங்கண்ணே."

சொல்லச் சொன்னா விடுவாரா?

"மொத மெத்தை இலவம்பஞ்சு சாமி. நம்ம ஊருச் சரக்கு. கடைக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? 'அண்ணே, மரத்துல காச்ச பஞ்சுண்ணே! மேகத்துல படுத்த மாதிரி இருக்கும்ணே!' நம்ம ஒத்தக் கட்டிலுக்கு அளவு குடுத்துத் தைக்கச் சொன்னேன். படுத்தா, அடடா! நடு இடுப்புல ஒரு மேடு. அப்பிடியே கையில ஏந்துன மாதிரி. வலி ஓடியே போச்சு. திடீர்னு ஒரு நா காலையில எந்திரிக்கிறேன், எந்திரிக்க முடியல! மேட்டக் காணாம்! பஞ்சு அமுங்கிப் போச்சு. கடைக்குப் போயி அவன உண்டு இல்லன்னு ஆக்கிட்டேன்."

"மெத்தை?"

"தம்பி வீட்டுக்குத் தூக்கிக் குடுத்துட்டேன். அடுத்து தேங்கா நாரு. பொள்ளாச்சி நாரு சாமி. தேனிக் கடையில அந்த ஆளு மெத்தைய டம்மு டம்முன்னு தட்டுறான். 'சார், முதுகுத்தண்டு ஸ்கேல் வச்ச மாதிரி நிக்கும் சார்!' மொத ராத்திரி பயந்துக்கிட்டே படுத்தேன். பாத்தா அதுலயும் அதே மேடு! அதே எடத்துல! இதான்டா மெத்தைன்னு தெருவெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். சொல்லி வாய மூடல, நாரு செத்துப் போச்சு. மேடு போயே போச்சு. அதையும் தூக்கிக் குடுத்துட்டேன்."

"மூணாவது?"

"ரப்பர் மரத்துப் பாலுல செஞ்சது. டவுன்ல இருக்க எங்க அக்கா மகன் போன்ல சொன்னான். 'மாமா, நேச்சுரல் லேட்டக்ஸ் மாமா, செவன் ஜோன் சப்போர்ட் மாமா!' ஏழு ஜோனு எனக்கு எதுக்குடா, ஒத்த மேடு போதும்டான்னேன். அதுலயும் மேடு இருந்துச்சு சாமி! பிளாஸ்டிக் உறையக் கூடக் கழட்டல, புதுசு கெட்டுறக் கூடாதுன்னு. பெரண்டு படுத்தா சிப்ஸ் பாக்கெட்டு மாதிரி சத்தம். அத எம்புட்டுப் பத்திரமா வச்சிருந்தேன்! போன வாரம் அதுவும் தொவண்டு போச்சு."

சொல்லி முடிச்சு, மூச்சு வாங்க நின்னாரு. உக்காரவும் முடியல, நிக்கவும் முடியல.

"பஞ்சு ஏமாத்துது, நாரு ஏமாத்துது, ரப்பரு ஏமாத்துது. நான் என்ன பாவம் சாமி செஞ்சேன்?"

சாமி எந்திரிச்சாரு. வெளக்கமாத்துல இருந்து ஒரு குச்சிய உருவுனாரு.

"படுங்க."

"தரையிலயா?"

"ம்."

செல்லாண்டி படுத்தாரு. படுத்தாருன்னா, கட்டை வண்டி கவுந்த மாதிரி "ஆத்தா, அய்யா, அடியே"ன்னு ஒவ்வொரு எலும்பையும் பேரு சொல்லிப் படுத்தாரு.

சாமி பக்கத்துல குந்துனாரு. குச்சியச் செல்லாண்டியோட தோளுக்கு அடியில விட்டாரு. போகல. குதிகாலுக்கு அடியில விட்டாரு. போகல. இடுப்புக்கு அடியில விட்டாரு. இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் வந்துருச்சு.

"எங்க வலிக்குது?"

"அங்கதான் சாமி! குச்சி போச்சுல்ல, அங்கதான்!"

"தரை அங்க இடிக்குதா?"

"இல்லையே. தொடக்கூட இல்லையே."

செல்லாண்டி அப்பிடியே தகரக் கூரையப் பாத்துக்கிட்டுக் கெடந்தாரு. தொட்ட எடமெல்லாம் சும்மா கெடக்கு. தொடாத எடம் வலிக்குது. இது என்னடா கொடுமைன்னு அவரு யோசிக்கும்போதே, சாமி தோள்ல கெடந்த துண்ட நாலா மடிச்சு அந்தச் சந்துக்குள்ள தள்ளுனாரு.

"ஆ!"

"என்ன?"

"மேடு! சாமி, இதான் மேடு! இதேதான்! என்ன மந்திரம் போட்டீக?"

"மெத்தைய யாரு விரிக்கிறது?"

"இவதான்."

"மதினி ஊருல இல்லாதப்ப?"

"யாரு விரிப்பா? கெடக்குறது மேல ஒரு போர்வையப் போட்டு விழுந்துருவேன்."

"பஞ்சு எப்ப அமுங்குச்சு?"

"அது... மக பிரசவத்துக்கு இவ கம்பம் போனால்ல. அந்த வாரம்."

"நாரு?"

"இவ தம்பி மகன் காதுகுத்துக்குப்..." செல்லாண்டிக்குக் கொரல் எறங்கிருச்சு. "...போனப்ப."

"ரப்பரு?"

செல்லாண்டி கழுத்த மட்டும் திருப்பி மூலையப் பாத்தாரு. ஒச்சம்மா மொச்சைதான் உரிச்சுக்கிட்டு இருந்துச்சு.

"ஏத்தா, ஒச்சு. என்னத்தடி வச்ச?"

ஒச்சம்மா மஞ்சப் பைக்குள்ள கைய விட்டுச்சு. பழைய நூல் சேலை ஒன்ன எடுத்துத் தரையில வச்சுச்சு. ஊருக்குப் போனா அங்க மாத்திக் கட்டிக்கிறது அதுதான். வீட்டுல இருந்தா அதையே மடிச்சு, விரிப்புக்கு அடியில, இவரு இடுப்பு வர்ற எடத்துல வைக்கும். ஊருக்குப் போறப்ப சேலையும் கூடப் போயிரும்.

செல்லாண்டிக்குப் பஞ்சுக் கடைக்காரன் மூஞ்சி ஞாபகம் வந்துச்சு. "அண்ணே, சத்தியமா நல்ல பஞ்சுண்ணே"ன்னு அழாத கொறையா நின்னானே, அந்த மூஞ்சி.

"யாரு யாருகிட்டண்ணே கேட்டீக?"ன்னாரு சாமி.

"கடைக்காரன், டாக்டரு, அக்கா மகன், பஸ்ஸுல பக்கத்துல உக்காந்து வந்தவன், ஒங்களய..."

"மெத்தைய விரிக்கிறவுகள?"

செல்லாண்டி இடுப்புக்கு அடியில கெடந்த துண்டத் தொட்டுப் பாத்தாரு.

"இப்பக் கேளுங்க."

செல்லாண்டி ஒருக்களிச்சுப் பெரண்டாரு. கல்யாணம் ஆனதுல இருந்து கேக்காத கொரல்ல கேட்டாரு.

"ஒச்சு... எந்த மெத்தைதான் வாங்கட்டும்?"

மொச்சை உரிச்ச கை நின்னுச்சு.

"நாரு மெத்தையவே வாங்குங்க. பஞ்சுல சேலை புதைஞ்சு போகுது. ரப்பரு உறையில வழுக்கிக்கிட்டுப் போகுது. நாருலதான் வச்சது வச்ச எடத்துல நிக்குது."

செல்லாண்டிக்குக் கண்ணு ரெண்டும் கலங்கிப் போச்சு. "பாத்தீகளா சாமி! வாயத் தொறந்து ஒரு நா சொன்னாளா? எம்மேல எம்புட்டுப் பாசம் இருந்தா, தெனமும்..."

"பாசமா?"ன்னுச்சு ஒச்சம்மா. "நீங்க முனங்குனா எனக்குத் தூக்கம் வரல. அதுக்கு வச்சேன். வண்டிய இப்ப வித்துப்புடாதீக, மெத்தைய ஏத்திட்டு வரணும். ரெண்டா வாங்குங்க. மூணு மெத்தை மாத்துனீகளே, நான் இன்னமும் கட்டிலுக்குக் கீழ கோரப்பாயிலதான கெடக்கேன்?"