தோலுக்கு இடமில்லை

புதிதாக வந்த குருவானவர், டோலக் வாசிக்கும் ஞானபுஷ்பத்தை ஞாயிறு காலை ஆலய வாசலிலேயே நிறுத்தினார்.

"ஆர்கன் இருக்கட்டும், அது மரம். உன் டோலக் செத்த ஆட்டுத் தோல். பரிசுத்த இடத்தில் தோலுக்கு இடமில்லை. இனிமேல் இதைக் கொண்டுவராதே."

"சரிங்க ஐயா." ஞானபுஷ்பம் டோலக்கைப் படியில் வைத்துவிட்டு முந்தானையை விரித்து ஏந்தினாள்.

"என்ன இது?"

"உங்க கையில இருக்கிற வேதத்தையும் கொடுங்க ஐயா. ஆராதனை முடியறவரைக்கும் ரெண்டையும் வெளியே வச்சுப் பாத்துக்கிறேன்."

"வேதத்தை எதற்கு வெளியே வைக்கணும்?"

"அட்டையைத் தடவிப் பாருங்க ஐயா. அதுவும் ஏதோ ஒரு ஆட்டோட தோல்தானே?"

உள்ளே பாடகர் குழுவில் யாரோ சிரித்தார்கள். குருவானவர் அந்தக் கறுப்பு அட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார்.

ஞானபுஷ்பம் டோலக்கோடு உள்ளே போனாள். முதல் பாட்டுக்கே குருவானவரின் விரல்கள் வேதத்தின் தோல் அட்டைமேல் தாளம் போட ஆரம்பித்துவிட்டன.