பழம் விழாத அத்திமரம்

ஒரு காட்டுல, கேட்டுக்கோங்க புள்ளைங்களா, சத்தம் போட்டாத்தான் உசுரு நிக்கும். அங்க ஒரு சிறுத்தை இருந்துச்சு. தரையிலயும் வரும், மரத்துலயும் ஏறும். நடந்தா சருகுகூட நொறுங்காது.

அதனால அங்க ஒரு வழக்கம். மரத்து உச்சியில மந்திங்க. அதுங்களுக்குக் கண்ணு கூர்மை. தரையில மானுங்க. அதுங்களுக்கு மூக்கு கூர்மை. புதர் ஓரமா மயிலுங்க. அகவினா மலை தாண்டிக் கேக்கும். சிறுத்தை யாருக்கு முதல்ல தெரியுதோ, அவங்க கத்தணும். எல்லாரும் தப்பிச்சுக்கலாம்.

இன்னொரு வழக்கமும் இருந்துச்சு. மந்திங்க அத்திப்பழம் தின்னும்போது கிளையை நல்லா உலுக்கும். கீழ விழுறது மானுக்கும் மயிலுக்கும். அந்த வருஷம் மழை ஏமாத்திடுச்சு, புல்லெல்லாம் காஞ்சுபோச்சு. அந்தப் பழம்தான் சோறு.

அந்த நேரம் பாத்து மொந்தன்னு ஒருத்தன் மந்திங்களுக்குத் தலைவனா வந்தான். வயிறு பெருத்தவன். அதைவிட ஆசை பெருத்தவன்.

"இனிமே ஒரு பழம் கீழ விழக் கூடாது," ன்னான். "உச்சியில உக்காந்து பாக்கிறது யாரு? நாம. சிறுத்தையைக் கண்டுபிடிக்கிறது யாரு? நாம. அப்போ பழம் யாருக்கு?"

"அதுங்க பட்டினி கிடக்குமே?" ன்னு கேட்டா அவன் பொண்டாட்டி கருப்பாயி.

"கிடக்கட்டும். வயிறு காலியா இருந்தா தூக்கம் வராது. நல்லா முழிச்சிருந்து காவல் காக்கும்."

எப்படி இருக்கு பாருங்க பேச்சு! தின்ன முடியாத பழத்தையெல்லாம் மரப்பொந்துல திணிச்சு வச்சான். அது அங்கயே அழுகி நாறுச்சு. அப்பவும் ஒண்ணைக் கீழ போடலை.

புள்ளியம்மான்னு ஒரு மான். நிழல் அசைஞ்சாலே நடுங்குறவ. குட்டி போட்டிருந்தா, ஆனா மடியில பால் வத்திப்போச்சு. பயந்து பயந்து மரத்தடிக்கு வந்தா.

"அண்ணே, பழமே விழலையே. குட்டிக்குப் பால் இல்லைண்ணே."

மொந்தன் மென்னுக்கிட்டே சொன்னான்: "விழாம என்ன? நீ வர்றதுக்கு முன்னால மயிலுங்க கொத்திட்டுப் போயிடுது. உன் பங்கையும் சேர்த்துத்தான். போயி அதுங்களைக் கேளு."

அடுத்து கொண்டையன்கிற மயிலு வந்தான். வீராப்பு பிடிச்சவன். பசிக்குதுன்னு சொல்ல வெக்கம்.

"பழத்துக்காக வரலை. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்," ன்னான், கண்ணு மட்டும் தரையைத் துழாவுச்சு.

"எல்லாத்தையும் மானுங்க மேஞ்சிடுச்சுப்பா. நாலு காலு, நீட்டு வாயி. உன் தோகையைப் பாத்துச் சிரிக்குதுங்க வேற."

அவ்வளவுதான். மான் மயிலை உதைச்சுது. மயிலு மான்குட்டியைக் கொத்துச்சு. காட்டுக்கு நடுவுல போற ஓடைக்கு இந்தப் பக்கம் மானுங்க, அந்தப் பக்கம் மயிலுங்கன்னு பிரிஞ்சு போனாங்க. தரையை மோந்து மோந்து திருடனைத் தேடினாங்களே தவிர, ஒருத்தராவது தலையைத் தூக்கி மேல பாக்கணுமே!

பனிக்காலம் வந்துச்சு. பகல்லயே ஒண்ணும் தெரியாத மூடுபனி. உச்சிக்கிளையில இருந்த மந்திக்குத் தன்னோட வாலே தெரியலை.

ஒரு காலையில புள்ளியம்மா மூக்குல அந்த வாடை பட்டுச்சு. ஈர முடியும் பழைய ரத்தமும் கலந்த வாடை. அவ உடம்பு விறைச்சுப்போச்சு. குட்டி அவ வயித்துக்குக் கீழ ஒடுங்குச்சு.

கத்த வாயைத் திறந்தா. வெறும் மூச்சுதான் வந்துச்சு. பட்டினி கிடந்த தொண்டையில சத்தம் எங்க இருக்கும்? ஓடைக்கு அந்தப் பக்கம் கொண்டையனுக்கு மட்டும் ஒரு முனகல் கேட்டுச்சு. "பழத்திருடி முனகுறா. முனகட்டும்," ன்னு கழுத்தைத் திருப்பிக்கிட்டான்.

வாடை அவ பக்கத்துல வந்துச்சு. நின்னுச்சு. குட்டியோட நெஞ்சு அடிக்கிறது அவளுக்குக் கேட்டுச்சு.

அப்புறம், எலும்பும் தோலுமா இருக்கிறது எதுக்குன்னு நினைச்சுச்சோ என்னமோ, வாடை அவளைத் தாண்டிப் போச்சு.

அத்திமரத்துப் பட்டையில நகம் பதியிற சத்தம். சரக். சரக். மேல ஒரே ஒரு அலறல். அதுவும் பாதியில நின்னுபோச்சு.

பனி விலகினப்போ கருப்பாயி மடி காலியா இருந்துச்சு. மொந்தனோட கடைசிக் குட்டியைக் காணோம்.

சிறுத்தை அந்த இடத்தை விட்டுப் போகலை. ஏன் போகணும்? இங்க கத்த ஆள் இல்லைன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சே.

மறுநாளும் பனி. மொந்தன் கீழ்க்கிளைக்கு இறங்கி வந்தான். பனிக்குள்ள புள்ளியம்மா நிக்கிறது மங்கலா தெரிஞ்சுது.

"தங்கச்சி! ஏன் நேத்து கத்தலை? வழக்கத்தையே மறந்துட்டியா?"

"எந்த வழக்கம்ண்ணே? கிளையை உலுக்குற வழக்கமா?"

"அது... அது மயிலுங்கதான்..."

"மயிலு என்னய்யா மயிலு?" புதருக்குள்ள இருந்து கொண்டையன் வந்தான். பயத்துல ஓடையைத் தாண்டி வந்து அவனும் அங்கதான் பதுங்கியிருந்தான். "என் பங்கைத் தின்னது இவ!"

"நானா?" புள்ளியம்மா விலாவைத் திருப்பிக் காட்டினா. எலும்பு துருத்திக்கிட்டு நின்னுச்சு. "தின்ன உடம்பாடா இது? நீதான் தின்னே. ஆனா உன் காலைப் பாத்தா அதுவும் குச்சியாத்தான் இருக்கு."

"காலு பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்! நெஞ்சைப் பாரு நெஞ்சை. ஒட்டிப்போச்சு."

ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்தாங்க. அப்புறம் ஒண்ணா மேல பாத்தாங்க. மொந்தன் தொப்பை கிளை மேல வழிஞ்சு தொங்குச்சு. வாயோரத்துல அத்திச் சாறு.

அப்போ வாடை வந்துச்சு.

புள்ளியம்மா காது விறைச்சுது. "வந்துடுச்சு," ன்னா மெதுவா.

"எங்க? எந்தப் பக்கம்? சொல்லித் தொலை!" ன்னு பதறினான் மொந்தன்.

"கிளையை உலுக்கு."

"இப்பவா?"

"இப்பவே. என் குட்டி ஒரு மாசமா செத்துக்கிட்டு இருக்கு. ஆரம்பத்துல உன் கண்ணை மறைக்கப் பனிகூட இல்லை. நீ பாக்கலை."

"ஒரு கிளை உலுக்குறேன். சரி, ரெண்டு கிளை..."

பேரம் பேசினான் புள்ளைங்களா! பெத்த குட்டியைத் தூக்கிட்டுப் போன சிறுத்தை திரும்பி வர்ற நேரத்துல, பேரம்!

கருப்பாயி அவனைத் தள்ளிட்டு வந்தா. கிளையை ரெண்டு கையாலயும் பிடிச்சு உலுக்கினா. மத்த மந்திங்களும் உலுக்குச்சு. பனிக்குள்ள பொத பொதன்னு பழம் விழுந்துச்சு.

"ஓடைப் பக்கம், வேலமரத்தடியில," ன்னு புள்ளியம்மா கொண்டையன் காதுல சொன்னா. "எனக்குச் சத்தம் வராது. நீ கத்து."

கொண்டையன் தோகை நடுங்குச்சு. கத்தினா அவன் நிக்கிற இடம் சிறுத்தைக்குத் தெரிஞ்சுபோகும். ஆனா அந்த வீராப்புக்காரனுக்குத் தொண்டை மட்டும் இன்னும் மிச்சம் இருந்துச்சு. கழுத்தை நீட்டினான்.

"ஓடைப் பக்கம்! வேலமரம்! ஓடுங்க!"

மந்திங்க எதிர்ப்பக்கம் தாவுச்சு. மானுங்க சிதறி ஓடுச்சு. இருக்கிற இடம் தெரிஞ்சுபோனா சிறுத்தைக்கு வேட்டை இல்லை. பனிக்குள்ள ரெண்டு மஞ்சள் கண்ணு எரிஞ்சுது. அப்புறம் அணைஞ்சுது.

பனி விலகினதும் எல்லாரும் மரத்தடியில கூடினாங்க. கருப்பாயிதான் பேசினா. கீழ்க்கிளைப் பழத்தை இனிமே மந்திங்க தொடக் கூடாது. மேல எவன் அதிகமா தின்னுறானோ, அவன் அதிகமா உலுக்கணும்.

"மானுக்கு இவ்வளவு, மயிலுக்கு இவ்வளவுன்னு தனித்தனியா பிரிச்சிடலாமே?" ன்னு மொந்தன் இழுத்தான்.

"வாயை மூடு," ன்னான் கொண்டையன். "எங்களைப் பிரிச்சுப் பிரிச்சுத்தானே இத்தனை நாள் தின்னே? மானோ மயிலோ, எந்த வயிறு ரொம்ப ஒட்டியிருக்கோ அதுக்கு முதல்ல."

அப்படித்தான் மான்குட்டி முதல் பழத்தைத் தின்னுச்சு. பக்கத்துலயே ஒரு மயில்குஞ்சு ரெண்டாவதைக் கொத்துச்சு.

மொந்தனைக் கீழ்க்கிளையில காவலுக்கு உக்கார வச்சாங்க. அங்க உக்காந்தாத்தான் சிறுத்தை எவ்வளவு பக்கம்னு தெரியும்.

சிறுத்தை இன்னும் அந்தக் காட்டுலதான் இருக்கு. பனி இறங்கினா அத்திமரத்தைச் சுத்திச் சுத்தி நடக்கும். எந்தத் தொண்டை வத்திப்போயிருக்குன்னு காதைத் தீட்டிக் கேக்கும். மேல மொந்தன் நடுங்கிக்கிட்டே கிளையை உலுக்குவான்.

நீதி: கீழ இருக்கிறவங்களைப் பட்டினி போட்டா, மேல இருக்கிறவங்களுக்கும் காவல் இல்லை; உன் பங்கு காணோம்னா பக்கத்துல இருக்கிறவனை உதைக்காதே, தலையைத் தூக்கி மேல பாரு.