ஒரு பந்துகூடப் போடாத மரியதாஸ்

அநியாயத்தைக் கேளுங்கள். தூத்துக்குடியில் ஜவுளிக்கடை முதலாளி சொர்ணவேல் ஒரு கிரிக்கெட் டீம் வைத்திருந்தார். எட்டு வருஷமாகக் கடைசி ஓவர் போட்டு அதை ஜெயிக்க வைத்தவர் மரியதாஸ். அந்தக் கோப்பைகளைக் கடை வாசலில் அடுக்கிவைத்துச் சேலை விற்ற மனுஷன், மரியதாஸுக்கு முப்பத்தெட்டு வயதானதும் பேசிய பேச்சைப் பாருங்கள்!

"ஆறு பந்துக்கு வருஷச் சம்பளமா? மிச்ச நேரமெல்லாம் சும்மாதான நிக்கான்! அடுத்த வருஷம் வேண்டாம்."

தண்ணீர் பாட்டில் தூக்கும் இசக்கியப்பனுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணன் சும்மா நின்னாலே போதும் முதலாளி."

"அப்படியாலே? ஒரு பந்துகூடப் போடாம ஜெயிச்சுத் தரச் சொல்லு, வச்சுக்கிடுதேன்!"

இறுதிப் போட்டி, இருபது ஓவர் ஆட்டம். எதிரணிக்குக் கடைசி ஐந்து ஓவரில் முப்பது ரன் போதும். கையில் ஐந்து விக்கெட். இசக்கியப்பன் தண்ணீர் கொண்டுபோய் மரியதாஸ் காதில் ஏதோ சொன்னான். உடனே அவர் பவுண்டரி ஓரம் நின்று, பந்து போடத் தயாராவதுபோல் கையைச் சுழற்ற ஆரம்பித்தார். அதைப் பார்த்த எதிரணி கண்ட பந்தையெல்லாம் தூக்கி அடித்தது. பதினெட்டாவது ஓவரிலேயே எல்லோரும் அவுட்.

முதலாளி துள்ளினார். "பாத்தியால, அவன் பந்து போடாமலே ஜெயிச்சாச்சு!"

"ஏன் அவசரப்பட்டாங்கன்னு அவங்க கேப்டன்கிட்டயே கேளுங்க," என்றான் இசக்கியப்பன்.

கேப்டன் தலையில் அடித்துக்கொண்டார். "கடைசி ஓவர் மரியதாஸ் அண்ணன் போடுவாருல்லா? அதுக்கு முன்னால முடிச்சிரணும்னு பதறிட்டோம்."

'வச்சுக்கிடுதேன்' என்று தான் சொன்ன வார்த்தை நினைவுக்கு வந்து முதலாளியின் முகம் சுண்டிப்போனது. அந்த நேரம் பார்த்துக் கோப்பை வாங்க அவரை மேடைக்குக் கூப்பிட்டார்கள்.

"அண்ணனையும் கூட்டிக்கிட்டு ஏறுங்க முதலாளி," என்றான் இசக்கியப்பன். "நீங்களும்தான் ஒரு பந்துகூடப் போடல."