கரையடியில் ஓர் ஆடி விருந்து

முன்னொரு காலத்தில் குன்றைநாட்டை இளஞ்சிங்கராயன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஓர் ஆசை வந்துவிட்டால் சின்னப் பிள்ளை தோற்றுவிடும், அவ்வளவு பிடிவாதம். அந்த வருஷம் அவருக்கு வந்த ஆசை படகு.

அரசவைப் பிரபு சோமநாயகத்திடம் சொந்தமாக ஓர் ஏரி இருந்தது. இரண்டு குன்றுகளுக்கு நடுவே மண்கரை போட்டு ஓடையை மறித்திருந்தார். பயிருக்காக இல்லை, வெறும் உல்லாசத்துக்கு. நடுவில் ஒரு மண்டபம், அங்கே போய்வரத் தாமரை வடிவத்தில் ஒரு படகு. ராஜா படகில் சாய்ந்துகொண்டு முறுக்குக் கடிப்பார். சோமநாயகம் துடுப்புப் போட்டபடியே மந்திரி திருமேனியைப் பற்றி வத்தி வைப்பார். இப்படியே பொழுது போய்க்கொண்டிருந்தது.

ஆனி மாசக் கடைசியில் மந்திரி ஒரு செம்பைத் தூக்கிக்கொண்டு சபைக்கு வந்தார். உள்ளே சிவப்பாகத் தண்ணீர்.

"என்ன மந்திரியாரே, காலையிலேயே கஷாயமா?" என்றார் ராஜா. சபை சிரித்தது.

"சோமநாயகத்தின் கரைக்கு அடியில் ஊறி வருகிற தண்ணீர், மகாராஜா. மண்கரை கசியத்தான் செய்யும். தெளிவாகக் கசிந்தால் பயமில்லை. இது கலங்கல். கரையின் வயிற்றில் இருக்கிற மண் கரைந்து வெளியே வருகிறது. உடைந்தால் கீழே பள்ளத்தில் இருக்கிற கீழப்பட்டி ஊர் மொத்தமும் போய்விடும். ஏரியை வடிக்க உத்தரவு கொடுங்கள்."

சோமநாயகம் எழுந்தார். "மந்திரியாருக்கு நீச்சல் தெரியாது, மகாராஜா. தண்ணீரைக் கண்டாலே உதறல். என் கரைமேல் யானை நடந்தாலும் அசையாது. என் நிலம், என் ஏரி. இவருக்கு ஏன் வயிற்றெரிச்சல்?"

படகு போய்விடுமே என்று ராஜாவுக்குக் கோபம் வந்தது. "ஆடிப் பதினெட்டுக்குள் கரை மோசம் என்று நிரூபித்துக் காட்டும். கரையில் ஒரு பிடி மண்ணைக்கூடத் தோண்டக் கூடாது. முடியாவிட்டால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்விடும்."

"நான் தொடவே மாட்டேன். சோமநாயகமே நிரூபித்துக் கொடுப்பார். அன்றைய விருந்தை மட்டும் என் பொறுப்பில் விடுங்கள்" என்றார் மந்திரி. இவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ராஜா நினைத்துக்கொண்டார்.

ஆடிப் பதினெட்டு வந்தது. மலையில் நல்ல மழை, ஏரி தளும்பிக்கொண்டு நின்றது. அன்றைக்குக் கலந்த சாதம் கட்டிக்கொண்டு தண்ணீரோரம் போய்ச் சாப்பிடுவது ஊர் வழக்கம். ராஜா மண்டபத்துக்குப் புறப்பட, மந்திரி அவரைக் கரைக்கு மறுபக்கம், கீழே பள்ளத்துக்கு அழைத்துப் போனார். அங்கே பாய் விரித்து இலை போட்டிருந்தது. காவலர்களை மேட்டிலேயே நிறுத்திவிட்டு, புளிசாதத்தையும் தேங்காய் சாதத்தையும் மந்திரியே பரிமாறினார். பின்னால் கரை சுவராக உயர்ந்து நின்றது. சோமநாயகம் வந்து பார்த்தார், அப்படியே நின்றுவிட்டார்.

"இங்கேயா? வெயிலாக இருக்குமே."

"கரை நிழல்தான்" என்றார் மந்திரி.

"எறும்பு..."

"அதற்குத் தனியாகச் சர்க்கரை போட்டாயிற்று."

ராஜாவுக்கு வேடிக்கையாக இருந்தது. "உட்காரும் ஐயா. யானை நடந்தாலும் அசையாத கரை ஆயிற்றே."

சோமநாயகம் பாயின் நுனியில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சோறு இறங்கவில்லை. கழுத்து நொடிக்கொரு தரம் பின்னால் திரும்பியது. மந்திரி இன்னும் நான்கு இலைகளைப் போட்டார்.

"இது யாருக்கு?" என்றார் ராஜா.

"சோமநாயகத்தின் வீட்டம்மாவுக்கும் மூன்று குழந்தைகளுக்கும். பல்லக்கு வந்துகொண்டே இருக்கிறது."

சோமநாயகம் இலையை மிதித்துக்கொண்டு எழுந்தார். "வேண்டாம் மகாராஜா. குழந்தைகளை இங்கே இறக்க வேண்டாம். அவர்களை மட்டும் மேட்டிலேயே நிறுத்தச் சொல்லுங்கள், உங்கள் காலில் விழுகிறேன்."

வாய்க்குக் கொண்டுபோன கவளம் ராஜாவின் கையிலேயே நின்றது. விஷயம் உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. உறைத்ததும் கவளத்தை இலையில் போட்டுவிட்டார்.

"அப்படியென்றால் உமக்குத் தெரியும்."

"சித்திரையிலேயே கரைக்காவல்காரன் சொன்னான்."

"கீழப்பட்டியில் குழந்தைகள் இல்லையா?"

சோமநாயகம் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "படகு தரைதட்டுகிறது என்று மகாராஜா முகம் சுளித்தீர்கள். மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கலிங்கைப் பலகை வைத்து அடைத்தேன். தண்ணீர் ஏறிவிட்டது. கரை அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை."

ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சுளித்தது நிஜம். முறுக்கைக் கடித்துக்கொண்டே சொல்லிவிட்டு மறந்துபோன பேச்சு அது.

"போய்ப் பலகையைப் பிடுங்கும். உம் கையாலேயே" என்றார். சோமநாயகம் விழுந்தடித்து ஓடினார்.

ராஜா கரையடியில் ஈரம் கசிந்த இடத்தில் குனிந்து, அங்கிருந்த பொந்துக்குள் கையை விட்டுப் பார்த்தார். மணிக்கட்டு போயிற்று, முழங்கை போயிற்று, தோள் வரைக்கும் கை உள்ளே போயிற்று. வெளியே இழுத்தபோது கை முழுக்கச் சேறு. மந்திரி அவரைக் கைத்தாங்கலாக மேட்டுக்கு ஏற்றினார். அதற்குள் கலிங்கில் தண்ணீர் இரைந்துகொண்டு ஓட ஆரம்பித்தது.

மேட்டின் மறுசரிவில் பார்த்தால், கீழப்பட்டி ஜனம் மொத்தமும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நடுவில் சோமநாயகத்தின் வீட்டம்மாவும் மூன்று குழந்தைகளும்.

"பல்லக்கு வந்துகொண்டிருக்கிறது என்றீரே?"

"வந்தது, மகாராஜா. மேட்டுக்கு. ஊர்ஜனத்தையும் விருந்து என்று சொல்லிக் காலையிலேயே ஏற்றிவிட்டேன்."

"அப்படியானால் கரையடியில்..."

"நாம் மூன்று பேர்தான்."

"உடைந்திருந்தால்?"

"மூன்று பேரும் போயிருப்போம். படகு கேட்டவர் ஒருவர், பலகை போட்டவர் ஒருவர், தெரிந்தும் நிரூபிக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தவன் ஒருவன். அங்கே உட்கார வேண்டியவர்கள்தான் உட்கார்ந்திருந்தோம்."

மந்திரியின் தலை போகப்போகிறது என்று காவலர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ராஜா சேறு படிந்த கையாலேயே தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டார். மூச்சிரைக்க வந்து சேர்ந்த சோமநாயகத்திடம் திரும்பினார்.

"ஏரியும் உம்முடையது, கரையும் உம்முடையது. கரையைச் செப்பனிடும். அப்புறம் வருஷாவருஷம் மழைக்காலம் முழுக்க நீர் ஒருவர் மட்டும் கரையடியில் குடிசை போட்டு இருக்க வேண்டும். ஆடிப் பதினெட்டுக்கு எனக்கும் அங்கேதான் இலை."

ஊர்ஜனத்துக்கு முன்னால் சோமநாயகத்தின் தலை தொங்கிப்போனது. அதற்கப்புறம் குன்றைநாட்டில் அந்தக் கரையைப் போலப் பார்த்துப் பார்த்துக் காத்த கரை வேறில்லை என்பார்கள். ஒவ்வோர் ஆடியிலும் ராஜா கரையடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் இலையில் உட்காருவார். சோமநாயகம் அதற்கு முன்னாலேயே இரண்டு சுற்றுச் சுற்றியிருப்பார்.